மூளைக் கட்டி பரம்பரையாக வருமா? மரபணு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சுங்கை சிப்புட் பட்டணத்திலோ சுற்றியுள்ள தோட்டங்களிலோ ஒருவருக்கு மூளையில் கட்டி என்று ஈப்போ மருத்துவமனையில் சொல்லிவிட்டால், வீட்டில் முதலில் சிகிச்சையைப் பற்றிப் பேசுவார்கள். இரண்டு நாள் கழித்து யாராவது குரலைத் தாழ்த்தி, "நம்ம பிள்ளைங்களுக்கும் வருமா?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்கும் அதிலிருந்து கிளைக்கும் கேள்விகளுக்கும் இங்கே பதில் தருகிறோம்.

எங்கள் தாத்தா மூளைக் கட்டியில் போனார் என்பார்கள். இப்போது அண்ணனுக்கும் வந்திருக்கிறது. அப்படியானால் இது பரம்பரைதானே?

தாத்தாவுக்கு வந்தது உண்மையில் என்ன என்பதை முதலில் கண்டுபிடியுங்கள். 'கட்டி' என்ற சொல்லே பாதிக் குழப்பத்தை உண்டாக்குகிறது. 'மூளையில ரத்தம் கட்டிக்கிச்சு' என்று சொன்னது இருபது வருடத்தில் 'மூளையில கட்டி' ஆகிவிடும். முதலாவது பக்கவாதம் அல்லது ரத்தக் கசிவு. இரண்டாவது உயிரணுக்கள் கட்டுப்பாடு இழந்து வளர்வது. இரண்டுக்கும் தொடர்பில்லை.

மூளையில் உண்மையிலேயே கட்டி இருந்தாலும் அது அங்கேயே தோன்றியிருக்க வேண்டும் என்பதில்லை. பெரியவர்களின் மூளையில் காணப்படும் புற்றுநோயில் பெரும்பகுதி நுரையீரல், மார்பகம் முதலிய இடங்களிலிருந்து பரவி வந்தது. முப்பது வருடம் புகைத்த தாத்தாவுக்கு நுரையீரலில் தொடங்கி மூளைக்கு ஏறியிருந்தால், அது அண்ணனுடைய மூளைக் கட்டிக்கு முன்னோடி ஆகாது. காசநோய்க் கிருமியும் மூளையில் கட்டிபோல ஓர் உருண்டையை உண்டாக்கும்.

இறப்புச் சான்றிதழ் வீட்டில் இருந்தால் எடுத்துப் பாருங்கள். மலாயில் 'கெதும்புஹான் ஓத்தாக்' என்றிருந்தால் மூளைக் கட்டி. 'கான்செர்', 'பாராஹ்' என்றால் புற்றுநோய். 'ஆங்கின் அஹ்மார்' அல்லது 'ஸ்துரோக்' என்றால் பக்கவாதம். 'சாக்கிட் துவா', அதாவது முதுமை நோய், என்றிருந்தால் அதை வைத்து ஒரு முடிவுக்கும் வர முடியாது. மருத்துவர் சான்றளிக்காமல் வீட்டில் நடந்த இறப்புகளுக்கு அப்படி எழுதுவது வழக்கம்.

அண்ணனுக்கு வந்தது மூளையிலேயே தோன்றிய புற்றுநோய் என்று உறுதியாகிவிட்டது. கூடப் பிறந்தவர்களுக்கு எவ்வளவு ஆபத்து?

மூளையிலேயே தோன்றும் புற்றுநோயில் பெரும்பாலானது கிளையோமா என்ற வகை. நரம்பணுக்களைத் தாங்கிப் பிடிக்கும் துணை உயிரணுக்களில் வளர்வது. கிளையோமா வந்தவர்களில் நூற்றுக்கு 5 பேர் அளவில்தான் குடும்பத்தில் இன்னொருவருக்கும் அது இருக்கிறது. பெற்றோர், கூடப் பிறந்தோர், பிள்ளைகள் ஆகியோருக்கு மற்றவர்களைவிட ஆபத்து ஏறக்குறைய இரண்டு மடங்கு.

இரண்டு மடங்கு என்றதும் வயிறு கலங்கும். கணக்கைப் போட்டுப் பாருங்கள். 2020-ல் உலகம் முழுவதும் மூளை, நரம்பு மண்டலப் புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்பட்டவர்கள் சுமார் 308,000 பேர். ஓர் ஆண்டில் ஒரு லட்சம் பேருக்கு 4 பேர் என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டு மடங்கானால் 8 பேர். மீதி 99,992 பேருக்கு அந்த ஆண்டில் அது வராது. மார்பகப் புற்றுநோய்க்கு இரண்டு மடங்கு என்பதும் மூளைப் புற்றுநோய்க்கு இரண்டு மடங்கு என்பதும் ஒரே எடை உடையவை அல்ல. எதை இரட்டிக்கிறோம் என்று பார்த்த பிறகுதான் பயப்படுவதா வேண்டாமா என்று சொல்ல முடியும்.

மரபணு மாறுபாடு என்பது என்ன? எல்லாருக்கும் இருக்குமா?

எல்லாருக்கும் உண்டு. இரண்டு வகையைப் பிரித்துத் தெரிந்துகொண்டால் போதும்.

முதல் வகை அரிதானது, வலுவானது. ஒரே ஒரு மரபணு பழுதுபட்டு அப்பா அல்லது அம்மாவிடமிருந்து இறங்கி வரும். ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. மூத்த பிள்ளைக்கு வந்துவிட்டதால் இளையதற்கு வராது என்ற கணக்கு கிடையாது. ஒவ்வொரு கருவிலும் காசு புதிதாகச் சுண்டப்படுகிறது.

இரண்டாவது வகை பரவலானது, மெலிதானது. மரபெழுத்தில் ஓர் எழுத்து மாறியிருக்கும், அவ்வளவுதான். 2009-ல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் ஆயிரக்கணக்கானவர்களின் மரபணுத் தொகுதியை ஒப்பிட்டு, கிளையோமாவோடு சேர்ந்து வரும் இடங்களை முதன்முதலில் குறித்தன. அவற்றில் டெர்ட், ஆர்டெல்1, சிடிகேஎன்2பி ஆகிய மரபணுக்களின் அக்கம்பக்கம் முக்கியமானவை. 2017-ல் 12,496 நோயாளிகளையும் நோயில்லாத 18,190 பேரையும் ஒப்பிட்ட ஆய்வு மேலும் 13 இடங்களைச் சேர்த்தது. மொத்தம் சுமார் 25 ஆனது. பெரும்பாலானவை தனித்தனியாக ஆபத்தை 1.2 அல்லது 1.4 மடங்கு என்ற அளவில்தான் நகர்த்துகின்றன.

டெர்ட், ஆர்டெல்1 இரண்டும் ஏன் என்று கேட்பது நியாயம். சேலை முந்தானை பிரியாமல் இருக்க ஓரம் அடித்துக் குஞ்சம் கட்டுகிறோம். மரபணுக்களைச் சுமக்கும் இழைகள் குரோமோசோம்கள். அவற்றின் இரு முனையிலும் அப்படி ஓர் ஓரம் உண்டு, பெயர் டெலோமியர். உயிரணு ஒவ்வொரு முறை பிரியும்போதும் அது கொஞ்சம் தேயும். தேய்ந்து தீர்ந்ததும் உயிரணு பிரிவதை நிறுத்திவிடும். இந்த மாறுபாடுகள் உள்ளவர்களுக்கு அந்த ஓரம் சற்று நீளம். நீளமாக இருந்தால் நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் நிற்க வேண்டிய உயிரணு நிற்காமல் இன்னும் சில தலைமுறை பிரிந்துகொண்டே போக அது இடம் கொடுக்கிறது.

இந்த மெலிதான வகையில் ஒன்று பெரிய விதிவிலக்கு. 8-ஆம் குரோமோசோமில் ஆர்எஸ்55705857 என்று எண்ணிட்ட ஓர் எழுத்து. 2012-ல் வெளியான ஆய்வுப்படி, இது மாறியிருப்பவர்களுக்கு ஒரு குறிப்பிட்ட வகைக் கிளையோமா வரும் வாய்ப்பு ஏறக்குறைய 6 மடங்கு. எப்படி என்பது 2022-ல் எலிகளில் தெளிவானது. அந்த எழுத்து, வளர்ச்சியை முடுக்கும் மிக் என்ற மரபணுவின் விசையில் உட்கார்ந்திருக்கிறது. அதை மாற்றியபோது கட்டி தோன்ற எடுத்த காலம் 472 நாளிலிருந்து 172 நாளாகச் சுருங்கியது. கட்டி வந்த எலிகள் 30 விழுக்காட்டிலிருந்து 75 விழுக்காடாகின. அந்த எலிகளுக்கு வேறு மரபணுப் பழுதுகளும் ஏற்கெனவே வைக்கப்பட்டிருந்தன. இந்த ஓர் எழுத்து மட்டும் கட்டியை உண்டாக்கிவிடவில்லை.

இந்த ஆய்வுகளில் கலந்துகொண்டவர்கள் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினர். அதே மடங்குகளை நம் மக்களுக்கு அப்படியே பொருத்திப் பார்ப்பது சரியில்லை. இந்த 25 இடங்களையும் சோதித்து ஒரு மதிப்பெண் வாங்குவதால் இன்று உங்கள் குடும்பத்துக்கு எந்த முடிவும் மாறாது.

ரிப்போர்ட்டில் 'ஐடிஎச்1 மியூடேஷன்' என்று எழுதியிருக்கிறது. மரபணுக் கோளாறு என்று டாக்டரும் சொன்னார். பிள்ளைகளுக்கு இறங்கிவிட்டதா?

அதிகம் பேர் தேவையில்லாமல் தூக்கம் தொலைப்பது இந்த ஒரு வரியால்தான். எச்.பி.இ. ரிப்போர்ட் என்பது அறுவையில் எடுத்த கட்டித் துணுக்கைச் சோதித்த அறிக்கை. அதில் இருக்கும் ஐடிஎச்1 ஆர்132எச், டெர்ட் புரமோட்டர், 1பி/19க்யூ இழப்பு, எம்ஜிஎம்டி மெதிலேஷன் எல்லாம் கட்டிக்குள் நடந்த மாற்றங்கள். பிறந்த பிறகு, மூளையில் ஏதோ ஓர் உயிரணுவில் தோன்றியவை. கருமுட்டையிலோ விந்தணுவிலோ அவை இல்லை, பிள்ளைகளுக்குப் போகாது.

கட்டியின் பெயரையும் மருந்தையும் தீர்மானிக்க அவை தேவை. 2021-ல் உலகச் சுகாதார நிறுவனம் திருத்திய வகைப்பாட்டில் கட்டிக்குப் பெயர் வைப்பதே இவற்றை வைத்துத்தான். எனவே அந்த அறிக்கையின் நகல் ஒன்றைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.

அறிக்கையில் டிபி53 என்ற மரபணுவின் பெயரைக் கண்டால் மட்டும் ஒரு கேள்வி கூடுதலாகக் கேளுங்கள். அதிலுள்ள பழுது கட்டிக்குள்ளும் தோன்றலாம், பிறவியிலேயும் இருக்கலாம். வயது இளையவர், குடும்பத்தில் வேறு புற்றுநோய்களும் உண்டு என்றால், "ரத்தத்திலும் பார்க்க வேண்டுமா, டாக்டர்?" என்று கேளுங்கள்.

எப்படிப்பட்ட குடும்பங்கள் மரபியல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்?

மூளைக் கட்டியை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால் தவறவிடுவீர்கள். பரம்பரை மூளைக் கட்டி பெரும்பாலும் மற்ற உறுப்புகளிலும் தோலிலும் அடையாளம் காட்டும்.

தோலிலிருந்து தொடங்குவோம், அதை வீட்டிலேயே பார்க்கலாம். பால் கலந்த காப்பி நிறத்தில் தட்டையான மச்சங்கள். வெளிச்சமான இடத்தில் பிள்ளையை நிறுத்தி, பள்ளிக்கூட அடிக்கோலை வைத்து அளந்து எண்ணுங்கள். பருவம் எய்தாத பிள்ளைக்கு 5 மில்லிமீட்டருக்கு மேல் ஆறு மச்சங்கள், எய்தியவருக்கு 15 மில்லிமீட்டருக்கு மேல் ஆறு. அத்துடன் அக்குளிலோ தொடை இடுக்கிலோ பொடிப் புள்ளிகள் இருந்தால் நியூரோஃபைப்ரோமடோசிஸ் 1 என்று சந்தேகிக்க வேண்டும். ஏறக்குறைய 3,000 பேருக்கு ஒருவர். இந்தப் பிள்ளைகளில் சுமார் 15 விழுக்காட்டினருக்குக் கண் நரம்புப் பாதையில் கிளையோமா வரும், பெரும்பாலும் 7 வயதுக்குள். அது மெதுவாக வளர்வது. பலருக்குச் சிகிச்சையே தேவைப்படாது. ஆனால் பார்வை குறைவதைச் சின்னப் பிள்ளைக்குச் சொல்லத் தெரியாது. அதனால்தான் ஆண்டுதோறும் கண் மருத்துவரிடம் காட்டச் சொல்கிறோம். பாதிப் பேருக்கு இது பெற்றோரிடமிருந்து வருவதில்லை, புதிதாகத் தோன்றுகிறது. "எங்க வம்சத்துல இல்லையே" என்று அம்மாவைக் குற்றம் சொல்லும் வீடுகள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இலை வடிவில் வெளிறிய திட்டுகள், கைக்குழந்தையில் வலிப்பு, பிறகு மூக்கின் இருபுறமும் பரு போன்ற சிவந்த முளைகள்: இது டியூபரஸ் ஸ்கிளிரோசிஸ். குழந்தை திடீர் திடீரென்று உடம்பைச் சுருக்கி விரிப்பதைப் பயந்த கோளாறு என்று மந்திரித்துக்கொண்டு மாதங்களைக் கழிக்கிறார்கள். வலிப்பை எவ்வளவு சீக்கிரம் அடக்குகிறோமோ அவ்வளவுக்குப் பிள்ளையின் அறிவு வளர்ச்சி காப்பாற்றப்படும். இதில் வரும் மூளைக் கட்டி மூளைக்குள் நீர் ஓடும் பாதையை அடைக்கும் இடத்தில் வளர்வதால் 25 வயது வரை ஒன்று முதல் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை எம்ஆர்ஐ எடுப்பார்கள். எவரோலிமஸ் என்ற மாத்திரையால் அதைச் சுருக்க முடியும்.

தோலில் எதுவும் காட்டாமல் வருவது லி-ஃபிராமேனி நோய்க்குறி. 1969-ல் ஃபிரெடரிக் லி, ஜோசப் ஃபிராமேனி என்ற இரு மருத்துவர்கள் விவரித்தது. டிபி53 மரபணுதான் காரணம் என்று 1990-ல் தெரிந்தது. ஒரே வீட்டில் ஒருவருக்கு 30 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய், இன்னொருவருக்கு எலும்பில் அல்லது தசையில், ஒரு குழந்தைக்கு மூளையில் அல்லது சிறுநீரகத்துக்கு மேலுள்ள அட்ரீனல் சுரப்பியில் என்று சிதறி வரும். 'ஏதோ தோஷம்' என்று சொல்லும் வீடுகளை இந்தக் கண்ணோடும் பார்க்க வேண்டும். இதைக் கண்டுபிடித்தால் பயன் உண்டு. ஆண்டுக்கொரு மூளை எம்ஆர்ஐ, முழு உடல் எம்ஆர்ஐ, குழந்தைகளுக்கு மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை வயிற்று ஸ்கேன் என்ற டொரோண்டோ முறைப்படி கண்காணிக்கப்பட்டவர்களில் ஐந்தாண்டு உயிர்வாழ்ந்தவர்கள் 88.8 விழுக்காடு, கண்காணிப்பில் சேராதவர்களில் 59.6. இது 2016-ல் வெளியான கணக்கு.

வான் ஹிப்பல்-லிண்டாவ் நோயில் சிறுமூளையில் ரத்தக்குழாய்க் கட்டி, கண் விழித்திரை, சிறுநீரகம் என்று வரும். கோர்லின் நோய்க்குறியில் குழந்தைகளுக்கு மெடுல்லோபிளாஸ்டோமா என்ற சிறுமூளைப் புற்றுநோய் வரலாம். உள்ளங்கையில் ஊசிக்குத்துபோல் பள்ளங்கள், தாடையில் நீர்க்கட்டிகள் இருக்கும். குடலில் நூற்றுக்கணக்கில் முளைகள் தோன்றும் குடும்பங்களிலும் மெடுல்லோபிளாஸ்டோமா சற்று அதிகம்.

இவற்றில் சிலவற்றை முன்கூட்டியே தெரிந்துகொள்வது ஏன் அவசரம் என்றால், கதிர்வீச்சுச் சிகிச்சைதான். டிபி53 பழுது, கோர்லின், நியூரோஃபைப்ரோமடோசிஸ் 1 உள்ளவர்களுக்குக் கதிர்வீச்சு கொடுத்த இடத்தில் புதிய கட்டிகள் வரும் வாய்ப்பு கூடுதல். சில வேளை கொடுத்தே ஆக வேண்டியிருக்கும். ஆனால் மருத்துவர் அதைத் தெரிந்துகொண்டு தீர்மானிக்க வேண்டும். குடும்ப விவரத்தை முதல் சந்திப்பிலேயே சொல்லுங்கள், கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

மாமன் மகளைக் கட்டினதால்தான் பிள்ளைக்கு வந்ததா?

பெரும்பாலும் இல்லை. ஆனால் ஒரு நோயில் மட்டும் இந்தக் கேள்விக்கு நேர்ப் பொருள் உண்டு.

மரபெழுத்தாகிய டிஎன்ஏ படியெடுக்கப்படும்போது எழுத்துப்பிழை விழும். அதைத் திருத்துவதற்கென்றே நான்கு மரபணுக்கள் இருக்கின்றன: எம்எல்எச்1, எம்எஸ்எச்2, எம்எஸ்எச்6, பிஎம்எஸ்2. ஒவ்வொன்றிலும் நமக்கு இரண்டு பிரதி உண்டு. ஒரு பிரதி பழுதானால் லிஞ்ச் நோய்க்குறி. பெரியவர்களான பிறகு குடல், கருப்பைப் புற்றுநோய் ஆபத்து. இரண்டு பிரதியும் பழுதானால் குழந்தைப் பருவத்திலேயே மூளைக் கட்டி, ரத்தப் புற்றுநோய், பதின்வயதில் குடல் முளைகள். இதற்கு அப்பா, அம்மா இருவரும் ஒவ்வொரு பழுதுப் பிரதியைக் கொடுத்திருக்க வேண்டும்.

இப்போது கணக்கு. மாப்பிள்ளையிடம் பிஎம்எஸ்2 பழுது ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சொந்தமில்லாத பெண்ணிடமும் அது இருக்கும் வாய்ப்பு 700-ல் ஒன்று என்ற அளவு. பெண் மாமன் மகள் அல்லது அத்தை மகள் என்றால் 8-ல் ஒன்று. அக்காள் மகள் என்றால் 4-ல் ஒன்று. இருவரிடமும் இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் 25 விழுக்காடு. மலேசியாவில் 1976-ஆம் ஆண்டுத் திருமணச் சட்டம் இந்துக்களுக்குத் தாய்மாமன் மணத்தை வழக்கப்படி அனுமதிக்கிறது. சட்டம் அனுமதிப்பதும் மரபணு அனுமதிப்பதும் வேறு வேறு.

ஆக, சொந்தத்தில் கட்டிய தம்பதியின் பிள்ளைக்கு மூளைக் கட்டி வந்து, உடம்பில் காப்பி நிற மச்சங்களும் இருந்து, நியூரோஃபைப்ரோமடோசிஸ் சோதனை இல்லை என்று வந்தால், இந்த நான்கு மரபணுக்களையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். மச்சம் இரண்டு நோயிலும் ஒரே மாதிரி இருப்பதால் இது தவறிப்போகிறது. தவறினால் மருந்தும் தவறும். வழக்கமாகக் கொடுக்கும் டெமோசோலோமைட் மாத்திரை, திருத்தும் வேலை கெட்ட கட்டிகளில் சரிவர வேலை செய்யாது. உடலின் நோயெதிர்ப்பைத் தூண்டும் மருந்துகளுக்கு அதே கட்டிகள் சில நல்ல பலன் காட்டியிருக்கின்றன.

சொந்தத்தில் கட்டியவர்கள் குற்ற உணர்வில் நோகத் தேவையில்லை. பழுது யார் கண்ணுக்கும் தெரியாமல் இருந்தது. இனி அடுத்த பிள்ளைக்கும், கூடப் பிறந்தவர்களின் கல்யாணப் பேச்சுக்கும் முன்பாகச் சோதித்துக்கொள்ள முடியும்.

குடும்ப மரம் எழுதிக் கொண்டு வரச் சொன்னார்கள். எப்படி எழுதுவது?

பெரிய தாள் ஒன்று. நோயாளியை நடுவில் வைத்து மூன்று தலைமுறை: மேலே பெற்றோரும் அவர்கள் கூடப் பிறந்தோரும், அதற்கும் மேலே தாத்தா பாட்டிகள், கீழே பிள்ளைகள். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், இறந்தவருக்குக் குறுக்கே ஒரு கோடு, புற்றுநோய் வந்தவருக்கு உள்ளே கறுப்பு. ஒவ்வொருவர் பக்கத்திலும் எந்த உறுப்பு, எத்தனை வயதில் கண்டுபிடித்தார்கள் என்று எழுதுங்கள். இறந்த வயதைவிடக் கண்டுபிடித்த வயதுதான் அதிகம் பேசும்.

அம்மா வழி, அப்பா வழி இரண்டையும் எழுதுங்கள். அப்பா வழிதான் வம்சம் என்று அம்மா வழியை விட்டுவிடுகிறார்கள். மரபணுவுக்கு அந்த வேற்றுமை தெரியாது. பிறந்து தவறிய குழந்தைகள், கருச்சிதைவுகள், முதல் தாரத்துப் பிள்ளைகள், தத்துக்கொடுத்த பிள்ளைகள் எல்லாரையும் சேருங்கள். யார் யாரைச் சொந்தத்தில் கட்டினார்கள் என்பதற்கு இரட்டைக் கோடு போடுங்கள்.

தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில் சிதறிய குடும்பங்களுக்கு இது சுலபமில்லை. ஒரு பெரியப்பா கிள்ளானில், ஓர் அத்தை கூலிமில். கல்யாணம், கருமாதி, தீபாவளி என்று எல்லாரும் கூடும் நாளில் வயதான பாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். "என்ன நோய்?" என்றால் தெரியாது என்பார். "கடைசியில எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனீங்க? தலை மொட்டை அடிச்சாங்களா? மார்பை எடுத்தாங்களா? கரண்டு வச்சாங்களா?" என்று கேட்டால் நினைவு வரும். கரண்டு வைத்தது என்பது கதிர்வீச்சு. அப்படியானால் புற்றுநோயாகத்தான் இருந்திருக்கும். தோட்டத்து டிரஸ்ஸரிடம் மட்டும் மருந்து வாங்கி இறந்தவர்களைக் 'காரணம் தெரியவில்லை' என்றே எழுதுங்கள். ஊகித்து நிரப்பினால் மருத்துவரின் கணக்கு தப்பும்.

சோதனை எங்கே, எப்படி நடக்கும்?

அரசு கிளினிக்கில் 1 வெள்ளி கட்டி மருத்துவரைப் பார்த்து, குடும்ப மரத்தைக் காட்டி, பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். நோயாளி ஏற்கெனவே ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனையில் பார்க்கிறார் என்றால் அந்த நரம்பு அறுவைப் பிரிவிலேயே கேட்கலாம். மரபியல் ஆலோசனை கோலாலம்பூர் மருத்துவமனையின் மரபியல் துறையிலும் மலாயா பல்கலைக்கழக மருத்துவ மையத்திலும் உண்டு. நிபுணர் கிளினிக்குக்கு 5 வெள்ளி. மரபணுச் சோதனைக்குத் தனியாகக் கட்டணம் உண்டா என்று ரத்தம் எடுக்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

யாரை முதலில் சோதிப்பது என்பதில்தான் பலர் வழுக்குகிறார்கள். நோய் வந்தவரை முதலில் சோதிக்க வேண்டும். நன்றாக இருக்கும் தம்பி தன் கைக்காசில் சோதித்து 'ஒன்றுமில்லை' என்று வாங்கி வந்தால், குடும்பத்தில் பழுது இல்லையா, அல்லது இருந்தும் தம்பிக்கு மட்டும் வரவில்லையா என்று சொல்ல முடியாது. நோயாளியிடம் பழுது கண்டுபிடித்த பிறகு மற்றவர்களுக்கு அந்த ஒரே இடத்தைப் பார்த்தால் போதும். பதிலும் ஆம், இல்லை என்று தெளிவாக வரும்.

எடுப்பது சில மில்லிலிட்டர் ரத்தம்தான். பட்டினி கிடக்கத் தேவையில்லை. நோயாளிக்கு ரத்தப் புற்றுநோயும் இருந்தாலோ, எலும்பு மஜ்ஜை மாற்று செய்திருந்தாலோ முன்பே சொல்லுங்கள். ரத்தத்தில் இருப்பது புற்று அணுவின் அல்லது கொடையாளரின் மரபணுவாக இருக்கும். தோலிலிருந்து எடுக்க வேண்டிவரும்.

நோயாளி தவறிவிட்டாரா? அறுவையில் எடுத்த துணுக்கை மெழுகுக் கட்டியில் பதித்து நோய்க்கூற்றியல் பிரிவில் வைத்திருப்பார்கள். நெருங்கிய உறவினர் எழுதிக் கேட்கலாம். கட்டிக்குள் தோன்றிய மாற்றங்களும் அதில் கலந்திருக்கும் என்பதால் ரத்தம்போல் தெளிவான பதில் கிடைக்காது. நோயாளி படுக்கையில் இருக்கும்போதே ஒரு குழாய் ரத்தம் எடுத்து வைக்கச் சொல்லிக் கேட்பது கனமான காரியம். ஆனாலும் கேட்கத்தக்கது.

'தெளிவற்ற மாறுபாடு' என்று முடிவு வந்தது. அது நல்லதா கெட்டதா?

இரண்டும் இல்லை. ஓர் எழுத்து மாறியிருக்கிறது, அது தீங்கு செய்யுமா என்று இன்னும் தெரியாது என்று பொருள். ஒப்பிடுவதற்கான தரவுகள் பெரும்பாலும் ஐரோப்பியர்களுடையவை என்பதால் இந்திய வம்சாவளியினருக்கு இந்த முடிவு அதிகம் வருகிறது. அதை வைத்து அறுவை, கருக்கலைப்பு, கல்யாணத்தை நிறுத்துவது எதையும் செய்யாதீர்கள். ஒன்றிரண்டு ஆண்டு கழித்து அதே மருத்துவரிடம் "இப்போது ஏதும் தெரிந்ததா?" என்று கேளுங்கள்.

இணையத்தில் விற்கும் எச்சில் சோதனைப் பெட்டி போதாதா?

போதாது. அவற்றின் மூலத் தரவில் காணப்பட்ட மாறுபாடுகளை மருத்துவ ஆய்வகம் ஒன்று மறுசோதனை செய்தபோது 40 விழுக்காடு தவறென்று 2018-ல் தெரியவந்தது.

வீட்டில் எல்லாரும் ஒரு ஸ்கேன் எடுத்துக்கொண்டால் நிம்மதியாகப் போய்விடுமே?

ஒரே ஒருவருக்குக் கிளையோமா, வேறு அடையாளம் எதுவும் இல்லை என்றால் எடுக்க வேண்டாம். ஆரோக்கியமானவர்களின் மூளையை எம்ஆர்ஐ எடுத்தால் நூற்றில் 2, 3 பேருக்கு ஏதோ ஒன்று தற்செயலாகத் தெரியும். பெரும்பாலும் நீர்க்கட்டி போன்ற தீங்கற்றவை. அதைத் தொடர்ந்து ஆறு மாதத்துக்கொரு ஸ்கேனும் அச்சமும்தான் மிச்சம். இன்று சுத்தமாக இருக்கும் படம் அடுத்த வருடத்துக்கு உத்தரவாதமும் தராது. சி.டி. ஸ்கேனைக் கேட்டு எடுப்பது இன்னும் வேண்டாத வேலை, அதில் கதிர்வீச்சு உண்டு.

மரபணுப் பழுது உறுதியானவர்களுக்கு எம்ஆர்ஐ தேவை. அன்று தாலிக்கொடியைக் கவனியுங்கள். கொடியில் கோத்திருக்கும் ஊக்கு இரும்பு. காந்தம் அதைப் பிடித்து இழுத்துவிடும். மூக்குத்தி, மெட்டி, பிள்ளையின் இடுப்பிலுள்ள தாயத்து, அரைஞாணின் உலோகக் குண்டு எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றிவிடுங்கள். தாலியைக் கழற்ற மனம் வராதவர்கள் அன்று மட்டும் ஒரு மஞ்சள் துண்டை நூல் கயிற்றில் கட்டிக்கொள்ளலாம்.

அம்மா முப்பது வருடம் தோட்டத்தில் மருந்து அடித்தார். அது மரபணுவைக் கெடுத்து எங்களுக்கு வந்திருக்குமா?

வேலைக்காலத்தில் அவருடைய ரத்தத்திலோ தோலிலோ உண்டான பழுது பிள்ளைகளுக்கு இறங்காது. பெரியவர்களின் மூளைக் கட்டிக்கு உறுதிப்பட்ட புறக் காரணம் ஒன்றுதான்: தலைக்குக் கொடுக்கப்பட்ட அதிகக் கதிர்வீச்சு. பூச்சி, களை மருந்துகளுக்கும் மூளைக் கட்டிக்கும் உள்ள சான்று உறுதியாக இல்லை.

அதனால் மருந்து பாதுகாப்பானது என்று ஆகிவிடாது. பாராகுவாட்டை மலேசியா 2020 ஜனவரி 1 முதல் தடை செய்தது. ஒரு மிடறு உள்ளே போனாலே உயிரைப் பறிப்பது. இன்றும் மருந்து அடிப்பவர்கள் கையுறை, பூட்ஸ், முகக்கவசம் கேட்டு வாங்க வேண்டும். அந்த உடுப்பைப் பிள்ளைகளின் துணியோடு சேர்த்துத் துவைக்கக் கூடாது.

கைப்பேசி?

2011-ல் அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 'காரணமாக இருக்கக்கூடும்' என்ற பிரிவில் வைத்தது. 2024-ல் உலகச் சுகாதார நிறுவனத்துக்காகச் செய்யப்பட்ட விரிவான மதிப்பாய்வு தொடர்பு எதையும் காணவில்லை.

தங்கைக்குப் பெண் பார்க்க வருகிறார்கள். அண்ணனுக்கு மூளைக் கட்டி என்று சொன்னால் சம்பந்தம் தட்டிப்போகுமே?

பெரும்பாலான குடும்பங்களில் சொல்ல வேண்டிய மரபணு ஆபத்து எதுவும் இல்லை. தங்கையின் பிள்ளைகளுக்கு மற்றப் பிள்ளைகளைப் போன்ற வாய்ப்புதான். மாப்பிள்ளை வீட்டார் கேட்டால், "மரபியல் டாக்டர் பார்த்துட்டார், பரம்பரை இல்லைன்னு எழுதிக் கொடுத்திருக்கார்" என்று சொல்லும் நிலையில் இருப்பது நல்லது. அந்த ஒரு தாள் பல வாய்களை அடைக்கும். பழுது உறுதியாகி, தங்கையிடமும் இருக்கிறது என்றால், கட்டிக்கொள்ளப் போகிறவரிடம் அவளே சொல்வதுதான் முறை. பெரியவர்கள் மறைத்து முடித்த கல்யாணத்தில் அவள்தான் பிறகு நின்று பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

காப்புறுதிப் படிவத்தில் குடும்ப நோய் பற்றிக் கேட்டால் உள்ளதை எழுதுங்கள். 2013-ஆம் ஆண்டு நிதிச் சேவைச் சட்டப்படி கேட்டதற்குத் தவறாகச் சொன்னால் இழப்பீட்டை மறுக்க இடமுண்டு.

எந்த அறிகுறி வந்தால் சோதனை, ஆலோசனை எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓட வேண்டும்?

வாழ்க்கையில் முதல்முறையாக வலிப்பு வந்தால் அன்றைக்கே. காலையில் எழுந்ததும் தலைவலியும் வாந்தியும், நாளுக்கு நாள் கூடுவது. ஒரு பக்கக் கை கால் தளர்வது, பேச்சு குழறுவது, பார்வை இரண்டாகத் தெரிவது. குழந்தை காலையில் வாந்தி எடுத்துவிட்டுப் பிறகு சரியாக விளையாடுவது வாரக்கணக்கில் தொடர்ந்தால் வயிற்றுக் கோளாறு என்று விட்டுவிடாதீர்கள். தலையை ஒரு பக்கம் சாய்த்தே வைத்திருப்பது, நடக்கையில் தள்ளாடுவது இரண்டும் சிறுமூளைக் கட்டியின் அடையாளங்கள்.

வலிப்பு வந்தவரின் கையில் சாவிக்கொத்தைத் திணிக்க வேண்டாம், வாயில் கரண்டி வைக்க வேண்டாம், தண்ணீர் ஊற்ற வேண்டாம். ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலைக்கு அடியில் மடித்த துணி வைத்து, கழுத்துப் பொத்தானைத் தளர்த்தி, கடிகாரத்தைப் பாருங்கள். 5 நிமிடம் தாண்டினால், அல்லது நினைவு திரும்பாமலே அடுத்தது வந்தால் 999. முடிந்தால் இன்னொருவர் கைப்பேசியில் படம் எடுக்கட்டும். எந்தக் கை முதலில் இழுத்தது என்பதை வைத்தே மூளையின் எந்தப் பக்கம் என்று மருத்துவர் தேடத் தொடங்குவார்.